கறிக்கடைக்காரர் சுட்ட சோயா பர்கர்

கறிக்கடையை மூடிவிட்டு வீட்டில் சும்மா இருந்த அப்பாவை என் பர்கர் கடையில் கல்லுக்கு முன்னால் நிறுத்தியது என் புத்திதான். என் கடையில் இறைச்சி கிடையாது, சோயாவும் பட்டாணியும்தான். பதமாகச் சுடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாயைத் திறந்தால்தான் வம்பு.

"இது ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்டாள் ஒரு கல்லூரிப் பெண்.

"காலையிலதான் வெட்டினதும்மா. எலும்பே இருக்காது."

அவள் போன வேகத்தில் கதவு ஆடி நிற்க வெகுநேரமானது.

"ஏம்ப்பா, பட்டாணியை யாராவது வெட்டுவாங்களா?"

"வாய் பழகிப்போச்சு பாப்பா. கேட்டதும் தானா வந்துடுது."

மறுநாள் ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீன் மேலாளர் ருசி பார்க்க வருவதாக இருந்தது. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் அந்த மாதத்தோடு கடைக்குப் பூட்டு. ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மேலாளர் வந்தார். மாடு வளர்க்க எவ்வளவு நிலமும் தண்ணீரும் போகிறது, காற்று எப்படிக் கெடுகிறது, பட்டாணிக்கு அதில் கொஞ்சம்தான் ஆகும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மனிதர் கொட்டாவியை மென்று விழுங்கிவிட்டுக் கல்லுப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க இதைச் சாப்பிடுவீங்களா?"

நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அப்பாவோ விற்கிற சரக்கு விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"இல்லைங்க. ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்ல."

போச்சு. அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது எனக்கு.

"ஏன், நல்லா இருக்காதா?"

"நல்லா இருந்துட்டா என்ன பண்றதுன்னுதாங்க. இத்தனை வருஷம் வெட்டினதெல்லாம் எதுக்குன்னு ஆயிடும்ல?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கூடவே நின்று வேலை செய்கிற மனிதரின் மனசில் இப்படி ஒன்று கிடந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மேலாளர் தனக்கு வைத்திருந்த பர்கர் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கடி கடித்தார். நிதானமாக மென்றார்.

"உப்பு கம்மி," என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்று தீர்த்தார்.

மேலாளர் காலித் தட்டைப் பார்த்தார். "நான் ருசியே பார்க்கலையேம்மா. பரவாயில்ல, திங்கக்கிழமையிலிருந்து அனுப்பிடுங்க."

அவர் போன பிறகு அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்லைச் சுரண்டினார்.

"இந்தக் கடையைக் கொஞ்சம் முன்னாடியே திறந்திருக்கக்கூடாதா, பாப்பா?"