வெளியே ஓடச் சொன்ன குரல்

பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கடை. போனுக்கு ரீலோட் போடுவேன், போட்டோ கொப்பி எடுப்பேன், வெளிநாடு போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். ஒன்பது வருடம் அரபு நாட்டில் வீட்டு வேலை செய்தவள் நான். அரபும் நன்றாக வரும், கோபமும் நன்றாக வரும். அந்த வாரம் இரண்டுமே வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பதினொரு பேர் வேலை செய்யும் அரபு ஊரின்மேல் ட்ரோன்கள் வரத் தொடங்கியிருந்தன. பெரும்பாலானவற்றை வானத்திலேயே சுட்டு விழுத்திவிடுவார்கள். சிதறி விழும் துண்டுகள்தான் ஆபத்து. அந்த நாட்டு அரசாங்கம் அரபியில் விட்ட அறிவித்தலைத் தமிழில் எழுதி எல்லாத் தாய்மாருக்கும் அனுப்பினேன். சைரன் அடித்தால் வீட்டுக்குள்ளேயே இரு. கண்ணாடி ஜன்னலை விட்டு நடு அறைக்குப் போ. வெளியே நின்று வீடியோ எடுக்காதே. விழுந்ததைத் தொடாதே. ட்ரோனுக்கு எதிராக ஒரு வேலைக்காரப் பெண்ணால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் சுற்றியது. "நான் இங்கே வேலை செய்யும் மலையகப் பெண். அடுத்து வீடுகளைத்தான் தாக்கப் போகிறார்கள். உடனடியாக வெட்டவெளிக்கு வெளியேறுங்கள்." எந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை இப்படி ரேடியோச் செய்தி மாதிரிப் பேசும்? யாரோ ஒருவன் கம்ப்யூட்டரில் செய்து, சனங்களைத் தெருவுக்கு இழுக்க விட்ட குரல் அது. சண்டை பிடிப்பவர்களுக்கு இப்போது இதுவும் ஓர் ஆயுதம். "பொய், நம்பாதீங்க" என்று பதினொரு தாய்மாருக்கும் சொன்னேன். பத்துப் பேர் கேட்டார்கள்.

கேட்காதவர் புஸ்பராணி. மீரியபெத்த தோட்டத்தையே மூடிய மண்சரிவில் பதினாறு வயது மகனைப் பறிகொடுத்து, மகள் ஜெயந்தினியோடு தப்பியவர். அதன்பிறகு நடந்த பயிற்சிகளில் எல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்: மலையில் சத்தம் கேட்டால் வீட்டை விட்டு ஓடு. இன்றைக்கும் மழை பிடித்தால் செருப்போடு தூங்கும் மனுஷி. அவரிடம் போய் வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் எப்படி ஏறும்? அந்தக் குரலை மகளுக்கு அனுப்பியது போதாதென்று, தானும் அதையே பேசி அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் பகல் அவர் ரீலோட் போட வந்து நின்றபோது என் போனுக்கு வீடியோ அழைப்பு வந்தது. ஜெயந்தினி வேலை செய்யும் வீட்டு மேடம்; எனக்கு அரபு தெரியும் என்று ஜெயந்தினி என் நம்பரை அவளிடம் கொடுத்திருந்தாள். "சைரன் அடிக்கிறது. இவள் முற்றத்தில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இழுத்தாலும் வருகிறாள் இல்லை" என்று அரபியில் கத்திக்கொண்டே போனை வெளியே திருப்பினாள்.

"ஏய் புள்ள, உள்ள போ!" என்று நானும் கத்தினேன்.

"அம்மாதான் வெளிய நிக்கச் சொன்னிச்சு" என்றாள் ஜெயந்தினி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் புஸ்பராணியை அறைந்திருப்பேன். "பாருங்க நீங்க செஞ்ச வேலய! இந்தாங்க, நீங்களே சொல்லுங்க" என்று போனை அவர் கையில் திணித்தேன்.

அவர் போனைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"அல்லாஹ்வே, சொல்லுங்க புஸ்பராணி!"

"வாய் வர மாட்டேங்குதுங்க ஸகீனாக்கா. அன்னைக்கு மகன்கிட்ட 'உள்ள இரு'ன்னு சொல்லிட்டுத்தான் நான் வெளிய வந்தேன்."

எத்தனையோ வருடப் பழக்கம். இதை ஒருநாளும் அவர் என்னிடம் சொன்னதில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. போனில் சைரன் மட்டும் நிற்காமல் அலறியது.

"அங்க மண்ணா வருது? மேல இருந்து இரும்பு விழுது. கூரைதான் புள்ளய காப்பாத்தும்" என்றேன்.

அவர் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். "ஜெயந்தினி, உள்ள போ."

"அண்ணன்கிட்டயும் அப்பிடித்தானேம்மா சொன்ன?"

மகளுக்கும் தெரிந்திருக்கிறது.

"ஆமா, சொன்னேன்" என்றார் புஸ்பராணி. "இப்பவும் நான்தான் சொல்றேன். உள்ள போ."

ஜெயந்தினி கேட்டை விட்டாள். மேடம் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுப்பதும் கதவு மூடுவதும் தெரிந்தது. பிறகு எங்கோ ஒரு வெடிச்சத்தம். அழைப்பு அறுந்துவிட்டது.

இருபது நிமிடம். நான் திரும்பத் திரும்ப அழைப்பு எடுத்தேன், போகவில்லை. புஸ்பராணி ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

கடைசியில் மேடத்திடமிருந்து செய்தி வந்தது. எல்லோரும் நலம். ட்ரோனைக் கடலுக்கு மேலேயே சுட்டுவிட்டார்கள், ஊருக்குள் ஒன்றும் விழவில்லை. வாசித்துச் சொன்னேன்.

"அப்ப வெளிய நின்னிருந்தாலும் ஒன்னும் ஆயிருக்காதா?"

"இன்னைக்கு ஆயிருக்காது. நாளைக்கு யாருக்குத் தெரியும்?"

அவர் தலையாட்டினார். பிறகு, யாரோ விசாரிப்பதற்குப் பதில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு நல்ல மழைங்க அக்கா. மலையில என்ன சத்தம்னு பாக்கத்தான் நானும் மகளும் வெளிய வந்தோம். அவனுக்குக் காய்ச்சல். நனையக் கூடாதுன்னுதான் உள்ள இருக்கச் சொன்னேன்."

நான் மேசையைச் சுற்றி அவர் பக்கம் வந்தேன்.

"காய்ச்சல்காரப் புள்ளய மழையில நிக்கச் சொல்ற தாய் எங்க இருக்கா, புஸ்பராணி?"

அப்போதுதான் அவர் அழுதார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அழுதேன்.