குணலட்சுமி கேட்ட மூன்று நாள் தவணை

1983ஆம் ஆண்டு ஆவணி மாதம் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சண்முகநாதனின் மனைவி குணலட்சுமி, கணவன் வீடு திரும்பிய எட்டாம் நாள் அவனுடைய குரலில் பேசினாள். வேலை செய்த கந்தோர், இருந்த அறை, அறையிலிருந்த சாமான் எல்லாம் கலவரத்தில் எரிந்துபோக, இடுப்பில் கட்டிய இரவல் சறத்தோடு வந்திருந்தான் சண்முகநாதன். பண்டத்தரிப்பில் அவர்களுடைய வீட்டுக்குச் செத்தவீட்டுக்கு வருவதுபோல ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி, இனி என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய் என்று குணலட்சுமியைக் கேட்டாள். "அடிச்சவனைத் திருப்பி அடிக்கிறதைத் தவிர வேறை வழியில்லை" என்று குணலட்சுமி சொன்னாள். அசைந்தது அவளுடைய வாய்தான். குரல் சண்முகநாதனுடையது, வசனத்தின் நடுவில் வரும் சின்ன இருமல் உட்பட. சண்முகநாதன் அந்நேரம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான்.

பரியாரியார் தொண்டையை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். ஆடாதோடைக் கசாயம் ஒரு கிழமை கொடுத்தார்கள், பிறகு அதையும் விட்டார்கள். ஏனென்றால் மற்ற நேரங்களில் அவளுக்கு ஒன்றுமில்லை. வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறும்போதும், மகள் அருந்ததியைச் சாப்பிடக் கூப்பிடும்போதும், மறியாட்டை அதட்டும்போதும், வெடித்த மண்ணைப்போன்ற அவளுடைய சொந்தக் குரல்தான் வந்தது. யாரை அடிக்கலாம், யாரை விடலாம், எந்தச் சாவு சரி, எந்தச் சாவு பிழை என்று வந்தால் மட்டும், அந்தக் கருத்தை அவளுக்குக் கொடுத்தவர் எவரோ அவருடைய குரல் வந்தது.

அடுத்த ஏழு வருடங்களில் அந்த வாயில் பலர் வந்து போனார்கள். 1984இல் அவளுடைய தம்பி தயாளன் ஆயுத இயக்கத்துக்குப் போனான். அடுத்த தைப்பொங்கலுக்கு ஒளித்து வந்து கதைத்துவிட்டுப் போன பிறகு, சித்திரை வரைக்கும் அவள் தம்பியின் குரலில் பேசினாள். அந்த வருடக் கடைசியில் வெளிநாட்டு வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல் வந்தது, இடையிடையே இரைச்சலோடு. 1986இல் ஓர் இயக்கம் இன்னோர் இயக்கத்தைத் தடை செய்து, சந்திகளில் பெடியளைப் பெடியளே சுட்டபோது, ஒரே வசனத்தின் தொடக்கம் தம்பியின் குரலிலும் நடு கோயில் ஐயரின் குரலிலும் முடிவு மூத்த மச்சாளின் குரலிலும் வந்தது. முதலில் வேலியால் எட்டிப் பார்த்த சனம் பிறகு பழகிவிட்டது. யார் எந்தக் கதையைக் கிளப்பினார்கள் என்று அறிய வேண்டியிருந்தால், அவளிடம் வந்து அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போனார்கள். குணலட்சுமிக்கு அது வெட்கமாக இருக்கவில்லை, இடைஞ்சலாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் பாய் விரித்துப் படுத்திருக்கிற வீட்டில் வீட்டுக்காரிக்குச் சரிய இடமில்லாததுபோல என்று ஒருமுறை கணவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். அவனுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. முதலில் வந்தது அவனுடைய குரல் அல்லவா.

இந்திய இராணுவம் இருந்த காலத்தில், 1988 ஐப்பசியில், மாதகல் பக்கம் ஒரு வீட்டில் பதுங்கியிருந்த தயாளனை இராணுவத்தினர் சுற்றி வளைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அவனுக்கு இருபத்திரண்டு வயது. அந்த வீடு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி ஊரில் கிடந்தது. இராணுவம் கப்பலேறி, இயக்கம் ஊருக்குள் வந்த பிறகு, 1990 வைகாசியில், அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தது. மாதகல் கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து பத்து வருடமாக ஒழுங்கைகளில் விற்ற அடைக்கலநாதன். இயக்கத்தார் அவனைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, ஊராரை வாசிகசாலைக்குக் கூப்பிட்டார்கள்.

பின்னேரம் மூன்று மணி. இயக்கத்தின் பொறுப்பாளர் வளவனுக்கு இருபத்துநாலு வயதிருக்கும். அமைதியான பெடியன், கொப்பியில் அழகான எழுத்தில் எழுதுவான். மேசைக்குப் பக்கத்தில் வாசிகசாலைச் செயலாளர் முருகேசு, ஓய்வுபெற்ற தபாலதிபர், மூக்கால் பேசுகிறவர், இருந்தார். வளவன் ஒவ்வொருவராகக் கேட்டான். சிலர் ஓம் என்றார்கள், சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். குணலட்சுமியின் முறை வந்தது.

"அக்கா, செத்தது உங்கடை தம்பி. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"மீன்காரன்தான் காட்டிக் குடுத்தவன். உப்பிடியான ஆளை வைச்சிருக்கக் கூடாது" என்றாள் குணலட்சுமி. முழுவதும் மூக்கால் வந்தது. மண்டபம் மெதுவாக முருகேசுவின் பக்கம் திரும்பியது. முருகேசுவின் முகத்தில் வியர்வை கோத்திருந்தது. இந்திய இராணுவம் இருந்தபோது ஊர்ப் பிரச்சினை பேச முகாமுக்குப் போய்வந்த குழுவில் அவரும் இருந்தவர். தன்னுடைய பெயர் வருவதற்கு முன் வேறொரு பெயர் வரட்டும் என்று அவர் நினைத்திருந்தது அந்த வியர்வையில் எல்லாருக்கும் தெரிந்தது. வளவன் கொப்பியைத் திருப்பி, ஒரு புதுப் பக்கத்தில் 'முருகேசு' என்று எழுதினான்.

குணலட்சுமி அந்த எழுத்தைப் பார்த்தாள். ஒரு பேச்சில் இரண்டு பேரைக் கொப்பியில் ஏற்றியிருந்தாள், அந்தப் பேச்சு அவளுடையதல்ல. "தம்பி, நான் சொன்னதை எழுதாதையுங்கோ" என்றாள். "அது என்ரை கதை இல்லை. எனக்கு மூண்டு நாள் தாங்கோ. நான் யோசிச்சுச் சொல்லுறன்." இதைத் தன்னுடைய குரலில்தான் கேட்டாள், கேட்டது கருத்தல்ல, தவணை என்பதால். செத்தவனின் அக்கா கேட்டதை வளவன் மறுக்கவில்லை.

முதல் நாள் அவள் மாதகலுக்கு நடந்துபோனாள். அடைக்கலநாதனின் மனைவி றோஸ் வலையை மடித்துக்கொண்டிருந்தாள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் எழும்பி நின்றாள். தேத்தண்ணீர் வைத்தாள்.  குணலட்சுமி, வீட்டைக் காட்டிக் கொடுத்தது அவன்தானா என்று நேராகவே கேட்டாள்.

"ஓம், அக்கா. அவர்தான் சொன்னவர்" என்றாள் றோஸ். "நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். முகாமிலை ரண்டு நாள் தலைகீழாக் கட்டித் தூக்கி வைச்சிருந்தவங்கள். மூண்டாம் நாள் அந்த வீட்டைச் சொல்லிப்போட்டார். முகாமை விட்டு வந்த நாளிலையிருந்து உங்கடை ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரேல்லை, கவனிச்சிருப்பியள்."

குணலட்சுமி கவனித்திருக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்பினாள். வரும் வழியெல்லாம் கால் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் நடந்தாற்போல இருந்தது. அவன் செய்யவில்லை என்று தெரிந்திருந்தால் எவ்வளவு சுகம் என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள் காலை வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது, ஒருவரும் இல்லாத இடத்தில் கருத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். "மன்னிச்சு விடவேணும்" என்றாள். மாதாகோயில் ஒலிபெருக்கியில் கேட்ட சுவாமியாரின் குரல் வந்தது, எதிரொலியோடு. "எங்களுக்கேன் இந்த வில்லங்கம்" என்றாள், மூத்த மச்சாளின் குரல் வந்தது. "துரோகியைச் சுடத்தான் வேணும்" என்றாள். தயாளனின் குரல் வந்தது.

மண்வெட்டியை விட்டுவிட்டு வாய்க்கால் வரம்பில் குந்தினாள். ஒன்றரை வருடமாக அவள் கேட்காத குரல். 'துரோகி' என்பதில் அந்த ரகரத்தைக் கொஞ்சம் இழுப்பான். திரும்பச் சொன்னாள். திரும்பவும் வந்தான். நாலு தரம், ஐந்து தரம், தம்பி தொண்டைக்குள் இருந்து கதைக்கக் கதைக்க அழுதுகொண்டு சொன்னாள். தண்ணீர் பாத்தியை நிறைத்து அடுத்த பாத்திக்குள் வழிந்தது. இந்தக் கருத்தை வைத்துக்கொண்டால் தம்பியும் தன்னோடு இருப்பான், நினைத்த நேரம் கேட்கலாம் என்பது அவளுக்கு விளங்கியது. அன்று மத்தியானம் வரை அவள் வேறொன்றும் சொல்லிப் பார்க்கவில்லை.

ஆனால் தம்பியின் குரலைக் கேட்டதால் தம்பி சொன்ன வேறொன்றும் நினைவுக்கு வந்தது. 1986இல் ஒரு சந்தியில், கை கட்டிப்போட்ட மூன்று பெடியளுக்கு அவனைக் காவல் நிற்க விட்டிருந்தார்கள். அதிலொருவன் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன், தண்ணீர் கேட்டான். தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் சுட்டுவிட்டார்கள். தயாளன் வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. குணலட்சுமி பிட்டும் கறியும் போட்டு வைத்து வைத்து ஆட்டுக்குக் கொட்டினாள். சரியா பிழையா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அதை ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே கண்டது.

பின்னேரம் ஆட்டை மாற்றிக் கட்டும்போது வாயைத் திறந்தாள். "அவன் சொன்னவன்தான். சொன்னாலும், கட்டி வைச்சிருக்கிற மனுசனைச் சுடக்கூடாது." யாருடைய குரல் என்று தெரிவதற்கு ஒரு கணம் பிடித்தது. பெரிய குரலாக வரும் என்று இத்தனை வருடமும் எதிர்பார்த்திருந்தாள். வந்தது ஆட்டைக் கூப்பிடுகிற குரல். ஆடு நிமிர்ந்து பார்த்தது. குணலட்சுமி இன்னொருமுறை சொன்னாள், அதே குரல்தான். தம்பி இனி வரமாட்டான் என்றும் அப்போது தெரிந்தது. முகத்தைக் கழுவிவிட்டுப் போய் அடுப்பை மூட்டினாள்.

மூன்றாம் நாள் வாசிகசாலையில் இருக்க இடமில்லை. அடைக்கலநாதனைக் கண் கட்டோடு கொண்டுவந்து மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். சண்முகநாதன் ஒன்றும் பேசாதே என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். குணலட்சுமி எழும்பி நின்றாள்.

"இவர் காட்டிக் குடுத்தவர். நான் விசாரிச்சுப் போட்டுத்தான் சொல்லுறன். ரண்டு நாள் தொங்கவிட்டாப் பிறகு சொன்னவர். என்ரை தம்பி செத்தது அதாலைதான். எனக்கு இவரிலை கோபம் போகேல்லை, போகப்போறதுமில்லை. ஆனா இவரைச் சுடக்கூடாது. கட்டி வைச்சவனைச் சுடுறதை நான் சரியெண்டு சொல்லமாட்டன், ஆர் சுட்டாலும். என்ரை தம்பியின்ரை பேரிலை ஒருத்தரையும் சுடவேண்டாம். போஸ்ட்மாஸ்டர் முருகேசுவின்ரை பேரையும் கொப்பியிலை இருந்து வெட்டுங்கோ."

அவளுடைய குரலில் அவள் கருத்துச் சொன்னதைப் பண்டத்தரிப்பு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. கண் கட்டியிருந்த அடைக்கலநாதன், மீன் வாங்கும்போது அதன் தலையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பேரம் பேசுகிற பெண்ணை அடையாளம் கண்டு, குனிந்து அழுதான்.

வளவன் எழும்பினான். "துரோகத்துக்கு மன்னிப்பில்லை, அக்கா" என்றான். கட்டையான, வயதான, யாரோ ஒருவருடைய குரல். அவனே திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தான். செருமிவிட்டுத் திரும்பச் சொன்னான். வேறொருவருடைய குரல் வந்தது. முன்வரிசையில் ஒருவர் "அதுதானே சட்டம்" என்று அவனுக்கு உதவ வாய் திறந்தார், அது மூக்கால் வந்தது. பின்வரிசையில் ஒருத்தி அவரை மறுத்தாள், அது வானொலி இரைச்சலோடு வந்தது. சண்முகநாதன் மனைவியை இருக்கச் சொன்னான்; கொழும்புக் கந்தோரில் அவனுடைய தலைமை எழுதுவினைஞராக இருந்தவரின் குரலில் சொன்னான். ஐந்து நிமிடத்தில் மண்டபத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். வளவன் கொப்பியை மூடிப் பேனாவை அதன்மேல் வைத்தான்.

"அக்கா, எனக்கும் மூண்டு நாள் வேணும்" என்றான். அது ஓர் இருபத்துநாலு வயதுப் பெடியனின் குரல்.

மூன்று நாள் கழித்து அடைக்கலநாதனை அவனுடைய வீட்டுப் படலையில் கொண்டுவந்து விட்டார்கள், ஊரைவிட்டுப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு. அவனும் றோஸும் வள்ளத்தில் இந்தியக் கரைக்குப் போனார்கள். வளவனை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே அவன் எந்தக் குரலில் பேசினான் என்பதை அறிய வசதியில்லை. குணலட்சுமியை இனிக் கூட்டங்களுக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அதற்கு அவள், சொல்ல வேண்டியதைத் தோட்டத்தில் நின்றும் சொல்லலாம் என்று பதில் அனுப்பினாள். ஒரு கிழமை கழித்து முருகேசு அவளுடைய வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "நான் பயந்துபோனன், பிள்ளை" என்றார். மூக்கால்தான். அது அவருடைய சொந்த மூக்கு.

அதன்பிறகு ஊருக்கே அந்த நிலைமை வந்தது. தங்கள் வாயில் பிறத்தியார் குரல் கேட்டவர்கள் முதலில் நொந்தார்கள், பிறகு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பழகினதுபோலப் பழகினார்கள். 1992 அளவில் வாசிகசாலையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று: குரல் மாறி வந்தால் பேசுகிறவர் பிறர் சொல்லாமலே பேச்சை நிறுத்தி இருந்துவிடுவார், ஒருவரும் சிரிப்பதில்லை. முடிவெடுக்க நாட்கள் போயின. சில கேள்விகளுக்கு ஊரில் நாலு கருத்து இருந்தது, நாலும் சொந்தக் குரலில். நாலு கருத்துக்காரரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள்.

1995 ஐப்பசிக் கடைசியில் இலங்கை இராணுவம் முன்னேறி வர, பண்டத்தரிப்பு உட்பட வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. மார்கழியில் மீசாலையில் ஒரு மாந்தோப்பில், இயக்கத்தோடு வன்னிக்குப் போவதா, இராணுவம் பிடித்த ஊருக்குத் திரும்பும் நாளைப் பார்த்து இருப்பதா என்ற கேள்வி குடும்பங்களைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கொட்டில்களில் அடிபிடிகூட நடந்தது. பண்டத்தரிப்பார் பத்துப் பதினைந்து பேர் ஒரு மரத்தின் கீழ் குந்தியிருந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். குணலட்சுமி தான் இருக்கப்போவதாகச் சொன்னாள். சண்முகநாதனும் இருப்பேன் என்றான். குரல் அரைவாசி மனைவியுடையதாக வரவே, இன்னும் யோசிக்கிறேன் என்று நிறுத்தினான். பதினெட்டு வயது அருந்ததி எழும்பி, தான் பெரியம்மாவோடு வன்னிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். ஏன் என்று காரணமும் சொன்னாள். ஒரு காரணத்தையும் குணலட்சுமி ஒப்பவில்லை. ஒவ்வொரு சொல்லாக உற்றுக் கேட்டாள். எங்காவது வேறொருவரின் குரல் ஒட்டியிருந்தால் அதைப் பிடித்து மகளை மறித்துவிடலாம் என்றுதான் கேட்டாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரைக்கும் பிள்ளையின் குரல்.

குணலட்சுமி எழும்பிப்போய் மகளுடைய இரண்டு சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். மாவை ஒரு தகரப் பேணியில் போட்டு இறுக்கி மூடினாள். பக்கத்துக் கொட்டிலில் இருந்த நெடுந்தீவுப் பெண் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தவள், கிட்ட வந்து, "உங்கடை ஊரிலை எல்லாரும் உப்பிடித்தானோ முடிவெடுக்கிறது?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றாள் குணலட்சுமி, பையின் வாயைக் கட்டிக்கொண்டே. "கொஞ்சம் நேரம் பிடிக்கும்."