இரைச்சலைக் கழிக்கத் தெரிந்தவர்

நேவிக்காரர்கள் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்த காலையில் என் மனுசன் சேட்டும் போடாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தார். படலையடியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. "ஐயோ, அதை நூத்துங்கோ!" என்று கத்தினேன்.

"இப்ப நூத்தினால் நட்சத்திரத்தில செய்த வேலையெல்லாம் அழிஞ்சு போகுமப்பா" என்றார்.

நட்சத்திரம் அழிந்துபோகுமாம்! ஆள் அழிந்துபோவதைப் பற்றி அந்த மனுசனுக்குக் கவலையே இல்லை. முந்தின கிழமைதான் பக்கத்து வளவுக் கனகசுந்தரத்தை ஒரு கடல் வரைபடத்துக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை. சண்டை மூண்டிருந்த 2007ஆம் ஆண்டில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்டக் குடியிருந்துகொண்டு, திரையில் இலக்கமும் கோடுமாக வைத்திருக்கலாமோ?

இவர் சோமசேகரம், பௌதிக ஆசிரியர். இவருடைய மேற்படிப்புக்கென்று, வெளிநாட்டுத் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பல்கலைக்கழகத்தில் இருந்து சீடியில் அனுப்பியிருந்தார்கள். நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமாம். ஆனால் படம் எடுத்த இரவில் முகில் மறைத்து, பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சமும் கலந்துவிட்டது. மாதக்கணக்காக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்த அதிகாரி இளவயது, தமிழ் தெரிந்தவன். கறுப்புத் திரையில் வளைந்த வெள்ளைக் கோடுகள், எங்கும் புள்ளிகள், மேலே இலக்கங்கள்.

"இது ஹார்பரா? இந்தப் புள்ளி எல்லாம் நேவி போட்டா? இந்த நம்பர் எந்த இடம்?"

"வானத்தில இருக்கிற இடம், சேர். இந்தக் கோடு நட்சத்திரத்தின்ர ஒளி. மிச்சமெல்லாம் இரைச்சல், வேண்டாத வெளிச்சம், கழிக்க வேணும்."

வாசலில் நின்ற நேவிக்காரன் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை.

"அப்ப நட்சத்திரத்தைக் காட்டுங்க. இப்ப."

மென்பொருள் தானாகக் கோட்டைப் பின்தொடரும்போது, அது மங்கிய இடத்தில் பக்கத்து நட்சத்திரத்துக்குத் தாவிவிடும். அதற்காக இவர் திட்டாத நாளில்லை. அன்றைக்கும் அந்த அறுவான் மென்பொருள் தாவியது. வாசலில் நின்றவன் வந்து இவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றான்.

"பொறுங்கோ சேர்." கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, இவரே கோட்டின் மேல் ஒவ்வொரு புள்ளியாகக் குறித்தார். இரண்டு பக்கத்திலும் வானத்தின் வெளிச்சத்தை அளந்து கழித்தார். பத்திரகாளித் தாயே, இந்த ஒருமுறை மட்டும் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் பள்ளம் பள்ளமாக ஒரு வரைபு வந்தது. பௌதிகப் புத்தகத்தில் இருந்த வரைபை விரித்துப் பக்கத்தில் பிடித்தார்.

"பாருங்கோ, அதே இடங்களில அதே பள்ளங்கள். ஐதரசன் வாயுவின்ர அடையாளம்."

அதிகாரி இரண்டிலும் விரலை வைத்துப் பார்த்தான்.

"சரி. இது நட்சத்திரம்தான்."

அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ, சேர்?" என்றுகூடக் கேட்டேன்.

அவன் போகவில்லை. "இவ்வளவு இரைச்சலுக்குள்ள இருந்து வேண்டியதை மட்டும் எடுக்க மாஸ்டருக்கு ஏலுமா?"

தவளை தன் வாயால் கெடும். மெச்சினதும் இவருக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது.

"ஓம் சேர். ஒளி எண்டில்லை, ஒலிக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரிச் செய்யலாம். ரெண்டு குரல் கலந்திருந்தாலும் பிரிக்கப் பாக்கலாம்."

முதுகில் கிள்ளினேன். பிந்திவிட்டது.

"எங்ககிட்ட வயர்லெஸ் ரெக்கோடிங் நிறைய இருக்கு. ஒண்ணும் விளங்காது. சேட்டைப் போடுங்க மாஸ்டர்."

இவருடைய முகம் அப்போதுதான் வெளிறியது. அந்தக் குரல்கள் யாருடையவை என்று கேட்க வேண்டியதில்லை. பிரித்துக் கொடுத்தால் இயக்கத்துப் பெடியள் விடமாட்டார்கள். கொடுக்காவிட்டால் இந்த நேவிக்காரர்கள் விடமாட்டார்கள். சேட்டுப் பொத்தானை நான்தான் பூட்டிவிட்டேன்.

"பின்னேரம் விட்டிடுவீங்களோ, சேர்?"

"பயப்படாதீங்க அக்கா. எங்களுக்கு ரொம்பத் தேவையான ஆள். பத்திரமா வைச்சிருப்போம்."

வைத்திருப்பார்களாம்! ஜீப் புறப்பட்டது. சனமெல்லாம் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருக்க, வெறுங்காலோடு ஒழுங்கை முடக்கு வரைக்கும் பின்னால் ஓடினேன்.

"அவருக்கு ஒண்டும் தெரியாது, சேர்! சும்மா பெருமைக்குக் கதைக்கிறார், படிச்ச முட்டாள்! அது நட்சத்திரமே இல்லை, சேர்! அது நட்சத்திரமே இல்லை!"