ராங்கிக்கு வைத்த வெந்நீர்

லாயக்காரர் லாயக் கதவைத் திறந்தார். ராங்கி தரையில் கிடந்தாள். சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, நாலு காலையும் உதைத்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தாள். நடுநடுவே தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் குதிரைகளோடு குப்பை கொட்டிய மனுஷனுக்கு இதைவிடக் கெட்ட சேதி கிடையாது. குதிரைக்கு வயிற்று வலி என்றால் லேசுப்பட்ட விஷயமா? நம்மைப் போல வாந்தி எடுத்துத் தப்பிக்கக்கூட அதற்கு வழியில்லை.

"ஏய், தங்கச்சி! டாக்டரம்மாவுக்குப் போன் போடு! ஓடு!"

தங்கச்சி அப்போதுதான் முற்றத்துப் பனியை வாரிக்கொண்டிருந்தாள். அண்ணனும் தங்கையும் மூன்று குதிரைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக் கொடுக்கிறார்கள். மூன்றில் மூத்தவள் ராங்கி, பத்தொன்பது வயசு. யார் வைத்த பெயரோ, வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. சேணம் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் நடக்க மாட்டாள், முந்தின நாள் புல்லைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் பயந்து நடுங்குகிற பிள்ளையை முதுகில் ஏற்றினால் முட்டையைச் சுமக்கிற மாதிரி நடப்பாள். லாயக்காரர் அவளைத் திட்டாத நாளும் இல்லை, அவள் கழுத்தைத் தடவாமல் தூங்கப் போன நாளும் இல்லை.

இரண்டு பேருமாக அவளை எழுப்பி முற்றத்தில் நடத்தினார்கள். நாலு அடி நடப்பாள், மறுபடி முழங்காலை மடிப்பாள். "படுக்காதடீ, புரண்டா குடல் முறுக்கிக்கும்டீ, என் ராசாத்தி, நட," என்று கெஞ்சிக்கொண்டே இழுத்தார். அந்தக் குளிரிலும் குதிரைக்கு வேர்த்து ஊற்றியது.

டாக்டரம்மா வந்தார். ஈறைத் தூக்கிப் பார்த்தார், விலாவில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறிப்போனது.

"கடைசியா எப்போ லத்தி போட்டா?"

"நேத்துக் காலையில. கொஞ்சூண்டு. கல்லு மாதிரி இருந்துச்சு."

"தண்ணி குடிக்கிறாளா?"

"தொட்டி நிறைய இருக்குங்க."

"நல்லாக் கேளுங்க டாக்டரம்மா," என்று தங்கச்சி வெடித்தாள். "நிறைய இருக்காம்! நாலு நாளா நிறைஞ்சது நிறைஞ்சபடியே இருக்கு. தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இவரு காதுல வாங்கினாத்தானே?"

உண்மைதான். சொன்னபோதெல்லாம், "எல்லாம் ராங்கித்தனம், தாகம் எடுத்தா தானாக் குடிப்பா" என்று அவள் வாயை அடைத்தவர் இவர்தான்.

குளிர்காலம் தொடங்கும்போதே டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: தண்ணி ஐஸாக இருந்தால் குதிரை குடிக்காது, குடிக்காமல் காய்ந்த புல்லை மட்டும் தின்றால் குடலில் போய்க் கட்டிக்கொள்ளும் என்று. மற்ற இரண்டும் முற்றத்துத் தொட்டியில் ஐஸை உடைத்துவிட்டால் குடித்துக்கொள்ளும். ராங்கிக்குப் பல் கூசும் வயசு. அவளுக்கென்று தனியாக ஒரு தகரத் தொட்டி வைத்து, தண்ணீர் சுட வைக்கிற பழைய ராடு ஒன்றைத் தேடி எடுத்து, வயரில் விரிசல் விட்டிருந்த இடத்தில் டேப்பைச் சுற்றி, தானே மாட்டினார் லாயக்காரர். நாலு நாளாகத் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அவளுக்கு மட்டும் ராஜ உபசாரம் என்று தங்கச்சி கேலிகூடச் செய்தாள்.

டாக்டரம்மா வலிக்கு ஊசி போட்டார். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு பின்னால் கையை விட்டுப் பார்த்தார். "புல்லு கட்டியா அடைச்சிருக்கு. குடலும் இடம் மாறின மாதிரி இருக்கு. ஆபரேஷன் பண்ற இடத்துக்கு மலைப்பாதையில போகணும். அந்தப் பாதை நேத்தே பனியில மூடியாச்சு. நரம்புல மருந்துத் தண்ணி ஏத்துறேன். ரெண்டு மணி நேரம் பார்ப்போம்."

உறையைக் கழற்றிவிட்டு, கை கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் அங்கேதான் இருந்ததால், லாயத்துக்குள் ராங்கியின் தொட்டிக்குப் போனார். ஒரு கையால் இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர், "ஐயோ!" என்று அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

"என்னங்க, ரொம்பச் சூடா?"

"கரண்ட் அடிக்குதுங்க!"

"அதெப்படி? தினமும் நான்தானே கையை விட்டுப் பார்க்கிறேன்?"

சொல்லும்போதே லாயக்காரர் கண் தன் காலுக்குப் போனது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கையில் ரப்பர் உறை. உறையை உருவி எறிந்தார், கிராதியைப் பிடித்தார், வெறுங்கையைத் தண்ணீரில் விட்டார். சுரீரென்று தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. ராங்கி நிற்பது ஈரத்தரை. அவள் குளம்பில் அடித்திருப்பது இரும்பு லாடம்.

தங்கச்சி ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். லாயக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நேற்றுச் சாயங்காலம் அவர் செய்த காரியம் அவருக்குத்தானே தெரியும்? கோபம் தலைக்கேறி, தலைக்கயிற்றைப் பிடித்து இழுத்து, "குடிடீ, யாருகிட்ட காட்டுற உன் ராங்கியை?" என்று அவள் மூக்கை அந்தத் தண்ணீருக்குள் அமுக்கினார். அவள் துள்ளிக்குதித்துச் சுவரில் போய் மோதினாள். கழுத்தில் ஒரு அடியும் போட்டார்.

"நான்தான் பண்ணினேன், தங்கச்சி. இந்தக் கையாலதான்." தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். திட்டுவதற்கென்று வாயைத் திறந்த தங்கச்சி, திட்டாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இரண்டு மணி நேரத்தை எப்படித் தள்ளினார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். ராங்கியை லாயத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள், மருந்து பை பையாக இறங்கியது. லாயக்காரர் அவள் விலாவில் காதை ஒட்டிக்கொண்டு, உள்ளே ஒரு சின்னக் குடுகுடு சத்தமாவது கேட்காதா என்று நின்றார். ஒரு உருண்டை லத்தி, ஒரே ஒரு உருண்டை போட்டுவிட்டால் போதும், இனி ஜென்மத்துக்கும் உன் மேல் கைநீட்ட மாட்டேன் என்று அவள் காதில் சத்தியம் செய்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி கையை விட்டுப் பார்த்த டாக்டரம்மா தலையை ஆட்டினார். "முறுக்கிடுச்சுங்க. ஈறு நீலமாயிடுச்சு. இன்னொரு வலி ஊசி போட்டிருக்கேன், அரை மணி நேரம் தாங்கும். அதுக்கப்புறம் அவ படுற பாட்டை உங்களால பார்க்க முடியாது. அதுக்குள்ள ஒரேயடியாத் தூங்க வச்சிடலாம்."

லாயக்காரர் அவள் கழுத்தைத் தடவினார். பிறகு, "தண்ணி கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். "கொடுங்க. இனிமே என்ன."

தங்கச்சி சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் விளாவிக் கொண்டுவந்தாள். வாளியைக் கண்டதும் ராங்கி காதை மடக்கிப் பின்வாங்கினாள். பின்புறம் சுவரில் இடிக்கும்வரை போனாள். லாயக்காரர் பூட்ஸைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். ஐஸ் மாதிரி இருந்த தரையில் வெறுங்காலோடு நின்று, ஒரு கையால் கிராதியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முழங்கைவரை வாளிக்குள் விட்டார்.

"அண்ணே, கால் விறைச்சிடும்."

"அவ பார்க்கட்டும்."

கையை எடுக்கவேயில்லை. ராங்கி வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு அடியாக வந்தாள். முதலில் ஈரமான முழங்கையை மோந்தாள், அப்புறம் உதட்டு நுனியால் தண்ணீரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று விலகினாள். ஒன்றும் நடக்கவில்லை. மூக்கை உள்ளே விட்டாள். மடக் மடக்கென்று தொண்டையில் இறங்குகிற சத்தம் லாயம் முழுக்கக் கேட்டது.

ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு டாக்டரம்மா காத்திருந்தார். வாளி காலியானது. ராங்கி அதை மூக்கால் லாயக்காரர் பக்கம் தள்ளினாள், இன்னும் வேணும் என்று.

"இன்னொரு வாளி, டாக்டரம்மா," என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணு."