அமாவாசையன்று எகிறிய கோடு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதல்ல. வார இதழ் ஆசிரியர் "அறிவியல் கலந்த குடும்பக் காதல்" கேட்டார். முப்பது நாவல்களில் மாமனார்களை நல்லவர்களாக்கிக் கை பழகிய எனக்கு, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டு மருமகள் சந்தியா நினைவுக்கு வந்தாள்.

சூரியனைப் போலச் சுடரும் கண்களால் சந்தியா

(வேண்டாம். அவள் பிடிப்பது ரேடியோ அலைகளை. கண்ணுக்கு அதில் வேலையே இல்லை.)

2

மொட்டை மாடியில் மூங்கில்களுக்கிடையே இரண்டு கம்பிகள், கீழே ஒரு ரேடியோ பெட்டி, ஒரு மடிக்கணினி. இதுதான் அவளுடைய தொலைநோக்கி. சூரியனில் வெடிப்பு நேர்ந்தால் திரையில் கோடு எகிறும். பக்கத்தில் மோட்டார் ஓடினாலும் எகிறும். அதனால் முனைவர் பட்ட ஆய்வுக்கு அமாவாசைகளையே தேர்ந்தெடுத்தாள். அன்று தெருவில் யாரும் தறிவேலை செய்வதில்லை.

சென்ற அமாவாசை, பகல் பதினொன்றே முக்காலுக்குக் கோடு எகிறியது. 'இன்று இங்கே மோட்டாரே ஓடாது' என்று உறுதி எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினாள்.

"வேற எந்த நிலையத்துலயும் பதிவாகலையேம்மா," என்றார் அவர். "சூரியன் உங்க வீட்டுக்கு மட்டுமா வெடிச்சுது?"

3

பின்னறையில், அமாவாசைக்கு முந்தின நாள் காலியாகக் கிடந்த நூல் சுற்றும் குச்சிகளில் புதுச் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"மாமா, அமாவாசையன்னிக்கு நூல் சுத்துற மோட்டார் போட்டீங்களா?"

"யாரைப் பாத்து கேக்குற? சூரியன் வெடிச்சுதுன்னு குதிச்சிக்கினு வந்தது நீதானேமா!"

இந்த மாமனார் பரமசிவம்தான் அமாவாசையில் வேலை செய்கிறவர்களைத் தெருவில் நிறுத்தித் திட்டுகிறவர்.*

கணவன் ஆனந்தகுமார் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மிஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதிடு. சூரியனா வந்து சாட்சி சொல்லப்போவுது?"

"நீ சத்தம் கேட்டியா, இல்லியா?"

"கொழம்பு ஊத்துமா."

(என் முப்பது நாவல்களின் நாயகனும் இவன்தான். இப்போதுதான் தெரிகிறது.)

* பக்கத்து வீட்டு மஹாலட்சுமி சொல்கிறாள்: "எல்லாரும் கதவ சாத்திக்கினு கை ராட்டையிலதான் நூல் சுத்துறோம். வெளிய வந்து திட்டறது அவரு ஒருத்தருதான்."

4

ஆசிரியருக்குப் பிடித்த முடிவு: கோயில் சன்னிதியில் பரமசிவம் கண்ணீர் மல்க மருமகளின் கைகளைப்

(முடிக்கக் கூசுகிறது. அவர் அழமாட்டார். கேட்டதற்காக அவளைத்தான் அழவைப்பார்.)

5

'ஐயா, அந்தப் பதிவைத் திரும்பப் பெறுகிறேன். காரணம்:'

அவள் விரல் இங்கே நிற்கிறது. கருவி கெட்டது என்றால் இரண்டு வருட அமாவாசைப் பதிவுகளும் குப்பை. மாமனாரின் மோட்டார் என்றால் அந்த வீட்டில் நாளை முதல் அவளோடு பேச ஆளிருக்காது.

மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கருவி கெட்டுவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வீட்டில் அன்று பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.