ஐடா ஆன்ட்டி வீட்டுக் கதவு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் லைன்ஸ் ஜனம் ஐடா ஆன்ட்டி வீட்டில் கூடிவிட்டது. லைன்ஸ் என்றால் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். பத்துக்குப் பத்து அறை. மூலை நாற்காலியில் ஆன்ட்டியின் வீட்டுக்காரர், கட்டிலில் நாலு பேர், தரையில் ஏழெட்டுப் பேர், மிச்சம் வாசற்படியில். அந்த வரிசையிலேயே பெரிய டிவி அங்கேதான். லாய்ட் செய்த கேமைப் பார்க்க வந்த கூட்டம்.

லாய்ட் நாலு வீடு தள்ளி இருக்கிறவன். விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், ஒரு கம்பெனியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வீடும் தெருவும் உண்டாக்குகிற வேலை. அந்த கேமில் உலகம் அழிந்துபோயிருக்கும். விஷக்காற்றில் ஊர் ஊராக ஜனம் செத்திருக்கும். ஆடுகிறவன் இஷ்டப்பட்ட பக்கம் நடக்கலாம், எந்த வீட்டிலும் நுழையலாம், கிடைத்த சோறு, மாத்திரை, தோட்டாவை எடுத்துக்கொண்டு பிழைக்கலாம்.

கூட்டம் சேர்த்தது திலீப். லாய்டோடு ரயிலில் போகிறவன். போனில் கேமின் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு, "நம்ம சயனைடு மேடு வருது, நம்ம லைன்ஸ் வருது!" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டான்.

லாய்ட் மனசில் ஒரே வேண்டுதல்தான். ஏழாம் நம்பர் வீட்டுக் கதவு மட்டும் கண்ணில் படக்கூடாது. அவர்கள் உட்கார்ந்திருந்தது அந்த ஏழாம் நம்பர் வீட்டில்தான்.

போன வருஷம் ஆன்ட்டியின் வீட்டுக்காரர் சைலஸ் அங்கிளை நெஞ்சு சளிக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, "தண்ணி வந்தா டிரம்மை மட்டும் ரொப்பிடுப்பா" என்று ஆன்ட்டி இவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். எட்டு நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர். டிரம் ரொம்புகிற வரைக்கும் இவன் சும்மா நிற்கவில்லை. கட்டில், பூப்போட்ட விரிப்பு, கரி பிடித்த சுவர், ஒன்று விடாமல் போனில் எடுத்தான். அதை வைத்து கேமில் அந்த வீட்டை அப்படியே கட்டியபோது ஆபீசில் கைதட்டினார்கள்.

இப்போது கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த அந்த சயனைடு மேட்டையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏய், அது நம்ம பம்ப் ஹவுஸ்!"

"என் வூட்டு கூரை ஷீட்டு இங்கயும் ஒடைஞ்சேதான் இருக்குது. இதுலயாவது மாத்திப் போட்டிருக்கக் கூடாதா?"

ஒரே சிரிப்பு. திலீப்புக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாடா, மேட்டையே சுத்திக்கினு இருக்கற? குடு இங்க." பிடுங்கிக்கொண்டு நேராக லைன்ஸுக்குள் நடந்தான். ஏழாம் நம்பர் கதவு எதிரே வந்தது. கதவில் சாக்பீஸால் ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு.

சிரிப்பு நின்றது.

மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் உள்ளே தூங்குகிறான் என்றால் கதவில் அந்த வட்டத்தைப் போடுவார்கள். பார்த்தால் காய்க்காரன்கூட கூவாமல் கடப்பான். மைன்ஸ் மூடியும் சைலஸ் அங்கிளுக்கு ராத்திரி முழுக்க இருமல், பகலில்தான் கண் மூடும். அதனால் ஆன்ட்டி வீட்டுக் கதவில் மட்டும் வட்டம் அழியவில்லை. டிவியில் பார்த்ததற்கே யாரும் மூச்சு விடவில்லை, பழக்கம் அப்படி.

கதவுக்கு மேலே இங்கிலீஷில் ஒரு வரி மின்னியது.

"இன்னா எழுதியிருக்குது திலீப்?" என்றார் ஆன்ட்டி.

திலீப் படித்துவிட்டு லாய்டைப் பார்த்தான்.

"நீ சொல்லு லாய்ட்."

லாய்ட் டிவியைப் பார்த்தே படித்தான். "வட்டம் போட்ட வீட்டுல உயிர் இல்ல. வேணுங்கறத எடுத்துக்கோ... அப்படின்னு போட்டிருக்குது ஆன்ட்டி." இந்த வட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று ஆபீசில் கேட்டபோது, நல்லா இருக்கும் என்று இவனே கட்டிவிட்ட அர்த்தம் அது.

"தெற."

"வேணாம் ஆன்ட்டி" என்றான் திலீப்.

"என் வூடுதானே? தெற."

கன்ட்ரோலர் மறுபடி லாய்ட் கைக்கு வந்தது. டிவியில் நாலு உதையில் கதவு உடைந்தது. உள்ளே கட்டில், அதன்மேல் பூப்போட்ட விரிப்பு, விரிப்பின்மேல் இரண்டு எலும்புக்கூடுகள், அருகருகே. கட்டிலில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்துகொண்டார்கள்.

ஆன்ட்டி டிவியைப் பார்த்தார். கசங்கிக் கிடந்த தன் விரிப்பைப் பார்த்தார்.

"எடுத்துடச் சொல்றேன் ஆன்ட்டி. நாளைக்கே ஆபீஸ்ல கேக்கறேன்."

"ஆபீஸ்ல கேப்ப. என்னைக் கேட்டியா?"

"இல்ல ஆன்ட்டி."

மூலை நாற்காலியிலிருந்து சைலஸ் அங்கிள், "இன்னா சொல்றான்?" என்றார். இருபத்திரண்டு வருஷம் டிரில்லிங் மிஷின் பிடித்த மனுஷர். ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்று அரைகுறை.

பதில் சொல்ல வேண்டியவன் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. லாய்ட் எழுந்து போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டான். மெல்லச் சொன்னான்.

"கேக்கல. சத்தமா சொல்லுப்பா."

வாசற்படியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லாய்ட் கத்தினான். "உங்க வீட்டை உங்களைக் கேக்காம போட்டோ புடிச்சு வித்துட்டேன் அங்கிள்! நீங்க தூங்கற வீட்டை செத்த வீடுன்னு சொல்லிட்டேன்!"

பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

அங்கிள் தலையை ஒருமுறை ஆட்டினார். அது கேட்டதற்கு ஆட்டியதா, கேட்காமலே ஆட்டியதா தெரியவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டுமோ என்று லாய்ட் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்தான்.