மூன்று வருஷத்துச் சுண்ணாம்பு

மண் புளித்துப்போனவர்கள்தான் வித்யாலட்சுமிக்குப் போன் செய்வார்கள். பெங்களூர் கோரமங்கலாவில் நான்காவது மாடியில் உட்கார்ந்து தமிழ்நாட்டு விவசாயிகளின் அழைப்புகளை எடுப்பது அவள் வேலை. அவர்கள் அனுப்பிய மண்ணின் பரிசோதனை முடிவு திரையில் வரும். புளிப்பு எவ்வளவு என்று சொல்வாள். அதை முறிக்கச் சுண்ணாம்புக் குருணை எத்தனை மூட்டை வேண்டும் என்பதையும் சொல்வாள். குருணை கம்பெனியுடையது.

வாணியம்பாடியிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஈஜிபுராவில் ஓர் அறை. கூட இருந்த தீபிகா கல்யாணமாகிப் போனாள். அந்தக் கட்டிலைக் கேட்டு யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசாமல் கழிந்துவிடும். திங்கள் காலை முதல் அழைப்புக்குக் கனைத்துக்கொண்டுதான் வணக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படி அழைப்பவர்களில் லூர்துமேரிக்கு ஊர் மன்னவனூர்ப் பக்கம். கொடைக்கானலுக்கும் மேலே. ஒரு ஏக்கரில் பூண்டும் கேரட்டும் போடுகிறாள். கம்பெனி எண்ணுக்கு அடித்தால் ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வேறு குரல் கேட்டால் அவள் வைத்துவிடுவாள். வித்யா கிடைக்கும்வரை அடிப்பாள்.

"உன் பூண்டுக்காரி மறுபடி கட் பண்றா. நம்ம குரல் என்ன, கசக்குதா? கேளு ஸ்வல்பா" என்றாள் மேலாளர் மமதா, கன்னடம் கலந்து.

அதற்குள் வித்யாவின் காதில் மணி அடித்தது.

"வித்யாவா? அப்பாடி. மொதல்ல ஒரு பய எடுத்தான். என்னயப் போயி மேடம்ங்கிறான். சிரிப்பு வந்துருச்சு, வச்சுட்டேன்."

"சொல்லுங்கக்கா. குருணை போட்டீங்களா?"

"போட்டேன் போட்டேன். போட்ட போகத்துக்கு நல்லாத்தான் இருக்கு. அடுத்த போகம் பாத்தா மறுபடி புளிப்பு. பூண்டு கொட்டப்பாக்கு கணக்காக் கெடக்கு. இதென்ன தாயி, போனுக்கு ரீசார்ஜ் பண்ற மாதிரி போட்டுக்கிட்டே இருக்கணுமா?"

"ஆமாக்கா."

"சரி. சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன். தயிர் சாதம்."

"போன தடவயும் அதத்தான சொன்ன. பெங்களூர்ல தயிரு மட்டுந்தான் வெளையுதா?"

வித்யா சிரித்தாள். என்ன சாப்பிட்டாய் என்று இந்த ஊரில் அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டது மலை மேலிருந்து.

அன்றைக்கு லூர்துமேரி லாரிக்காரனைத் திட்டிவிட்டுத்தான் வைத்தாள். கேரட் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்குகிறவன், போகவர இரண்டுக்கும் சேர்த்து வாடகை வாங்குகிறானாம். "கேட்டா, வெறும் வண்டியாத் திரும்பணும்லக்காங்கிறான். அவன் வண்டி வெறுமையாப் போனா நானா பொறுப்பு?"

அந்தப் பேச்சு வித்யாவின் மண்டையில் தங்கிவிட்டது.

ஞாயிறு அன்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். சாதாரண சுண்ணாம்புக்கல் தூள் குருணையின் விலையில் கால்வாசி. தாராளமாக ஒரு தடவை போட்டு உழுதால் மூன்று வருஷம் மண் தாங்கும். இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு ஏக்கர்க்காரிக்காகக் சில மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எந்த லாரியும் மலை ஏறாது. ஏறினால் சரக்கைவிட வாடகை அதிகம். குருணையோ அள்ளித் தெளித்தால் போதும், கூரியரில் வந்துவிடும். குருணையின் பிழைப்பே அந்த மலைப்பாதையில்தான் இருந்தது.

வெறுமையாகத் திரும்பும் லாரியில் தூளை ஏற்றினால்?

வேடசந்தூர்ப் பக்கம் ஓர் அரவை ஆலைக்குத் தன் போனிலிருந்து பேசினாள். ஒரு லாரிக்குக் குறைந்து தரமாட்டார்களாம். பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் லாரி நிறையும். பங்கு பிரித்துப் பார்த்தாள். ஒரு போகத்துக் குருணைக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாக வந்தது. எங்கோ தப்பு என்று மறுபடி கணக்குப் போட்டாள். தப்பில்லை.

அப்புறம்தான் அது உறைத்தது. மூன்று வருஷம்.

போகத்துக்குப் போகம் மண் அனுப்பினீர்களா, முடிவு வந்ததா, மூட்டை வந்ததா, பலித்ததா என்று பேச்சு ஓடுவது குருணையால். தூளுக்குப் போன் தேவையில்லை.

அடுத்த வாரம் லூர்துமேரி அடித்தாள். வித்யா தூளைப் பற்றி வாய் திறக்கவில்லை. முள்ளங்கிக் குழம்பு வைத்ததாகச் சொன்னாள். அது பொய். பேச்சை வளர்ப்பதற்காகச் சொன்னது.

அதற்கடுத்த வாரமும் அடித்தாள். குரலில் சுரத்தில்லை.

"இந்தத் தடவ குருணைக்கு ஆர்டர் போடல தாயி. கீழத் துண்டு நெலத்தக் காட்டேஜ் கட்டுறவனுக்குக் குடுத்துருவோம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. மண்ணுக்குத் தீனி போட்டே நாம மண்ணாப் போவோம்ங்கிறாரு. அவரு சொல்றதும் நெசந்தான?"

கம்பெனியில் எல்லாப் பேச்சும் பதிவாகும். அதற்கு வித்யா அவ்வளவு பயப்படவில்லை.

"அக்கா, நிலத்தக் கொடுக்காதீங்க."

"பின்ன?"

"குருணையே வேணாம். கேரட் லாரி வெறுமையாத் திரும்புதுன்னு சொன்னீங்க இல்ல? அதுல சுண்ணாம்புக்கல் தூளு ஏத்திக்கலாம். திரும்புற வண்டிக்கு அவன் பாதி வாடகை கேட்டாலே அதிகம். பத்துப் பேர் சேரணும்."

விலையைச் சொன்னாள். ஆலையின் எண்ணைச் சொன்னாள். ஏக்கருக்கு எவ்வளவு, எந்த ஈரத்தில் போட்டு உழுவது, பூண்டு ஊன்ற எத்தனை நாள் விடுவது என்று எல்லாம் சொன்னாள். லூர்துமேரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒண்ணும் பண்ண வேணாம்க்கா."

"டெஸ்டு?"

"அதுவும் மூணு வருஷம் கழிச்சுத்தான்."

"அப்ப ஒனக்குப் போனடிக்கிற சோலியே இல்லங்கிற."

வித்யா தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடிக்கவில்லை.

"இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. அந்த மட்டுக்கும் ஒரு செலவு மிச்சம்." லூர்துமேரியின் குரலில் பழைய துடுக்கு ஏறியிருந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, கள்ளி. சரி, இருட்டுறதுக்குள்ள நாலு வீட்டுல சொல்லிட்டு வாரேன். ஒழுங்காச் சாப்புடு. வச்சிரவா?"

"வச்சிருங்கக்கா."

விவசாயிதான் முதலில் வைக்க வேண்டும், இந்தப் பக்கம் துண்டிக்கக்கூடாது என்பது கம்பெனி விதி. வித்யா காத்திருந்தாள். ஏதோ பலகைமேல் போனை வைக்கும் சத்தம் கேட்டது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. பொத்தானைச் சரியாக அமுக்கவில்லை போலிருக்கிறது.

"ஏங்க, காட்டேஜ்காரன் வந்தா இல்லன்னு சொல்லிருங்க. நான் பிலோமி வீடு வரைக்கும் போறேன்."

ஆண் குரல் ஏதோ கேட்டது.

"வந்து சொல்றேன். வெளக்கப் போடுங்க."

கதவு. கல் பாவிய தரையில் செருப்புச் சத்தம். எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. தூரத்தில், "ஏ பிலோமி" என்று ஒரு கூப்பாடு. இன்னொரு பெண் பதில் குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பிறகு அதுவும் தேய்ந்து, வீட்டுக்குள் காற்று மட்டும் வந்துபோனது.

மமதா மேஜையருகே வந்து நின்றாள். வித்யா பேசாமல் இருப்பதைப் பார்த்தாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தைப் பார்த்தாள்.

"யாரு? முடிஞ்சுதா?"

வித்யா காதுக் கருவியைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் வைக்கல" என்றாள்.